கைபேசியில் பாடம்: பிள்ளையின் அருகில் யார்?

பிள்ளை கைபேசியை எடுத்தால், "படிப்பா, விளையாட்டா?" என்று கேட்காத பெற்றோர் இன்று குறைவு. இரண்டும் ஒரே கருவிக்குள் வந்துவிட்டதே காரணம்.

தமிழகத்தில் இந்த மாற்றம் படிப்படியாகவே வந்தது. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டன. அவற்றைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவை அனைத்துக்கும் சோதனை வந்தது. பாடம் வீடு தேடி வந்தது உண்மைதான். ஆனால் ஒரே கைபேசி உள்ள வீட்டில், வாப்பா அதை வேலைக்கு எடுத்துச் சென்றால் பாடமும் சேர்ந்தே போனது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பரில்தான்.

அதன் விளைவு என்ன? தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் பொருளியல் ஆய்வாளர்கள் ஆய்வு நடத்தினர். 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட, 2021 டிசம்பரில் இவர்கள் கணிதத்திலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் கிடைத்தது. அத்திட்டத்தில் மாலை நேரத்தில் அந்தந்த ஊரின் தன்னார்வலர்களே பிள்ளைகளோடு அமர்ந்து சொல்லிக் கொடுத்தார்கள்.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அங்கு பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. கணித, மொழித் தேர்வுகளில் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

கருவி பாடத்தைக் கொண்டு வந்து சேர்க்கும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அதற்குப் பெற்றோர் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. காணொளி முடிந்ததும் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, "இப்போது பார்த்ததை எனக்குச் சொல்" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் பாடம் மனதில் நின்றிருக்கிறது. தடுமாறினால், மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. வீட்டில் ஒரே கைபேசி இருந்தால், மகனுக்குக் கொடுக்கும் அதே நேரத்தை மகளுக்கும் கொடுங்கள். அவளுக்கும் அதே பாடம்தான், அதே தேர்வுதான்.