ஆள் உட்கார்ந்துவிட்டார்: கொல்லிமலையிலிருந்து மனமுறிவின் முன்குறிகளை வாசித்தல்

தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையச் சுவரிலும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு விடுதியின் பெயர், மருத்துவர் மாதம் ஒருமுறை வந்து தங்கும் நாள். ‘நெர்வஸ் பிரேக்டவுன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் கிடைத்த நேர்ச்சொல் இதுதான். அது லாட்ஜ் வைத்தியர்களின் கையில் போய் ஆண்மைக்குறைவின் இடக்கரடக்கலாகிவிட்டது. மனம் ஒடிந்துகொண்டிருப்பவர் அந்தச் சொல்லை நம்பிப் போனால் லேகியத்தோடு திரும்புவார்.

ஆங்கிலச் சொல்லும் அப்படியொன்றும் உறுதியானதல்ல. 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு ‘நியூராஸ்தீனியா’ என்ற கருத்தைப் பரப்பினார்: நரம்பில் ஓடும் ஆற்றல் தீர்ந்துபோனால் மனிதன் சாய்ந்துவிடுகிறான். ‘பிரேக்டவுன்’ என்ற பேச்சுவழக்கு அந்த நிழலில் வளர்ந்தது. இன்று மனநோய்களை வகைப்படுத்தும் எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு நோய் கிடையாது. ஆனால் மக்கள் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. தமக்கு அப்படியொரு முறிவு நேரப்போவதாக எப்போதாவது உணர்ந்ததாகச் சொன்ன அமெரிக்கர்கள் 1957இல் சுமார் 19 விழுக்காடு, 1976இல் 21, 1996இல் 26. மருத்துவம் தள்ளிவைத்த ஒரு சொல்லுக்கு வழக்கில் மவுசு கூடியிருக்கிறது என்றால், அது வேறு எந்தச் சொல்லும் சொல்லாத எதையோ சொல்கிறது.

அது என்ன என்பதற்குத் தமிழ்ப் பேச்சிலேயே நல்ல விடை இருக்கிறது. கடன் ஏறியோ துக்கம் தாங்காமலோ ஒருவர் செயலற்றுப் போனால் “ஆள் உக்காந்துட்டாரு” என்கிறார்கள். இந்தச் சொல் நோயைக் குறிக்கவில்லை, நாளைக் குறிக்கிறது. நேற்றுவரை எப்படியோ காட்டுக்குப் போனவர், அடுப்பு மூட்டியவர், இன்று எழவில்லை. அதற்குப் பின்னால் இருப்பது மனச்சோர்வாகலாம், பதற்றநோயாகலாம், மனச்சிதைவின் தொடக்கமாகலாம், குடியாகலாம், தைராய்டுக் குறைபாடாகக்கூட இருக்கலாம். முறிவு என்பது நோயின் பெயரல்ல; சுற்றியிருப்பவர்களால் இனிமேலும் பாராமல் இருக்க முடியாது என்றாகும் நாளின் பெயர். அப்படியானால் முன்குறிகளைப் பற்றிய கேள்வியும் இடம் மாறுகிறது. குறிகள் என்னென்ன என்பதை எந்தக் கையேடும் சொல்லிவிடும். அவை யார் கண்ணில் படுகின்றன, கண்டவர் அவற்றை எப்படி வாசிக்கிறார் என்பதுதான் கடினமான பகுதி. கொல்லிமலை இந்தக் கேள்விக்குப் பொருத்தமான களம்.

காரணம், சங்கப் பாடல்களின் மலைநிலமான குறிஞ்சி ஏறக்குறைய இதே வாசிப்புச் சிக்கலைத்தான் திரும்பத் திரும்பப் பாடியது. தலைவி உண்பதில்லை, உறங்குவதில்லை. வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. தாய் அதைக் காண்கிறாள். ஆனால் தவறாக வாசிக்கிறாள்: முருகு அணங்கியது என்று முருகப் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும். நற்றிணையின் 34ஆம் பாடலில், காரணம் தான் அல்ல என்று அறிந்தும் வெறியாடும் களத்துக்கு வந்து நின்ற முருகனையே அறிவில்லாதவன் என்று தோழி கடிந்துகொள்கிறாள். காதல்நோயும் மனநோயும் ஒன்றல்ல; கவிதை மருத்துவக் குறிப்பும் அல்ல. ஆனாலும் அதில் ஒரு நுட்பமான அவதானிப்பு இருக்கிறது. உடல்மாற்றத்தைக் காண்பவர் ஒருவர். பொருள் சொல்ல அதிகாரம் பெற்றவர் வேறொருவர். உண்மை அறிந்தவர் மூன்றாமவர். இம்மூவரும் பேசிக்கொள்வதில்லை.

  

மூவரும் பேசிக்கொள்ளாததன் விலையைக் காட்டப் பழைய பாடல் தேவையில்லை. ஆவணமுள்ள ஒரு வாழ்க்கையே இருக்கிறது. கொல்லிமலை இருக்கும் அதே நாமக்கல்லில் கோயில்கொண்ட நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட கணிதமேதை ராமானுஜன், 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். போர்க்காலம், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு, சமைப்பதும் உண்பதும் நேரம் தப்பின. வீட்டில் மாமியார் மருமகள் பிணக்கில் கடிதப் போக்குவரத்து மெலிந்தது. ஒருநாள் இந்திய நண்பர்களை விருந்துக்கு அழைத்துத் தானே ரசம் வைத்துப் பரிமாறினார். விருந்தினர் இன்னொரு முறை வேண்டாம் என்றதும் சொல்லாமல் அறையை விட்டு வெளியேறினார். சில நாள்கள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து பணம் அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. 1917இல் உடல் நலிந்து மருத்துவமனைகளில் அலைந்தார். 1918இன் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் உயிரை விடத் துணிந்தார்; நிலையப் பணியாளர் ஒருவரின் விரைவால் பிழைத்தார். கைதிலிருந்து காக்க அவரை ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டி காவல்துறையிடம் சொன்னதாகக் கூறப்படுகிறது. அந்தப் பெருமை உண்மையில் அவருக்குக் கிடைத்தது அதே ஆண்டு மே மாதத்தில்தான்.

இந்தக் கதையை மேதையின் விசித்திரமாகச் சொல்வது வழக்கம். முன்குறிகளின் வரிசையாக வாசித்தால் வேறொன்று தெரிகிறது. உணவு குலைந்ததை அறையருகே இருந்தவர்கள் கண்டார்கள். சிறு சொல்லுக்கு உடைந்துபோனதை விருந்தினர் கண்டார்கள். கடிதம் குறைந்ததை வீட்டார் அறிந்தார்கள். காய்ச்சலை மருத்துவர்கள் பார்த்துக் காசநோய் என்றார்கள். தூரமும் மொழியும் உத்தியோக இடைவெளியும் பிரித்துவைத்ததால் எல்லாச் சீட்டும் எவர் கையிலும் சேரவில்லை. கணிதப் பக்கங்களை அவரோடு நாள்தோறும் பகிர்ந்த ஹார்டிக்கு வீட்டுக் கடிதங்கள் எட்டாத உலகம்.

எனவே முன்குறி என்பதைத் தனித்தனி அறிகுறியாகப் பார்ப்பதைவிட வழக்கத்திலிருந்து விலகலாகப் பார்ப்பதே சரி. ஒருவர் பேச்சுக் குறைந்தவர் என்பது குறியல்ல. சந்தைக்குப் போனால் நாலு பேரிடம் வம்பளந்துவிட்டுத் திரும்புபவர் மூன்று வாரமாகச் சந்தைப் பக்கமே வரவில்லை என்பது குறி. மருத்துவர்கள் மனச்சோர்வுக்கு இரண்டு வாரக் கணக்கு வைக்கிறார்கள்: விடியுமுன் விழிப்புத் தட்டி அதன்பின் கண் மூடாமை, சோறு இறங்காமை, எதிலும் நாட்டமின்மை, தான் எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணம். கிராமத்து மனிதர் இவற்றை மனத்தின் மொழியில் சொல்வது அரிது. நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை கனக்குது, கை கால் ஓய்ச்சல், உடம்பெல்லாம் எரியுது என்பார். ஊசி போட்டால் சரியாகும் என்று நம்புவார். ஊசி போட்டும் தீராத வலியோடு மாதக்கணக்கில் மருத்துவமனைப் படியேறுபவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்பது பாதி நோயறிதல். இன்னொரு பாதி வேலையில் தெரியும்: களை பாதியில் நிற்கிறது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறக்கிறார், குளிப்பதில்லை, குடி கூடுகிறது, எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறார். ஆண்களிடம் மனச்சோர்வு அழுகையாக அல்லாமல் கோபமாகவே வெளிப்படுவதும் உண்டு. வீட்டார் அதைத் திமிர் என்கிறார்கள்.

காத்திருக்கக் கூடாத குறிகள் வேறு. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, சோற்றில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று உண்ண மறுப்பது, பல இரவுகள் உறங்காமலே களைப்பின்றித் திரிவது. பிள்ளை பெற்ற முதல் இரண்டு மூன்று வாரங்களில் தாய் திடீரெனப் பிதற்றத் தொடங்கினால் காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கிறார்கள். அது பேறுகால மனநோயாக இருக்கலாம், தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. நாள்தோறும் குடித்தவர் நிறுத்திய இரண்டு முதல் நாலு நாளில் உடல் நடுங்கி, பூச்சி ஊர்வதாகவும் ஆள் நிற்பதாகவும் கண்டால் அது உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டிய நிலை. சாவைப் பற்றிய பேச்சும் அப்படித்தான். அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. நேராகக் கேட்பது பலருக்கு ஆறுதலாகவே அமைகிறது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தைப் பூட்டிவைப்பதும் அப்போதே செய்ய வேண்டியது.

இனி மலைக்கு வரலாம். கொல்லிமலையில் ‘நாடு’ எனப்படும் 14 ஊர்த்தொகுதிகளில் வாழ்பவர்களில் பெரும்பான்மையர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகளில் பெரும்பகுதியைக் கடந்த சில பத்தாண்டுகளில் குச்சிக்கிழங்கு பிடித்துக்கொண்டது. அடிவாரத்துச் சேகோ ஆலைகள் அதற்குச் சந்தை. சாமை வீட்டுக் குதிரில் கிடந்தது. கிழங்கின் விலையோ கீழே யாரோ தீர்மானிப்பது. மிளகுக்கும் காப்பிக்கும் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. கிழங்கு மனத்தை உடைக்கிறது என்பதல்ல இங்கே வாதம். யாருடைய கண் யார்மேல் இருக்கிறது என்பது மாறிவிட்டது. ஒரே காட்டில் கூட்டாகக் களையெடுத்த பெண்களுக்கு, அன்றன்று வரிசையில் யார் பின்தங்குகிறாள் என்பது தானாகத் தெரிந்தது. சங்கப் பாடலின் தோழி அவள்தான். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் தனியே படுத்திருக்கும் கூலியாளுக்கு அந்தத் தோழி இல்லை.

மருத்துவம் வேறு கீழே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டில் தொடங்கியபோது முதற்கட்ட மாவட்டங்களில் ஒன்று, இந்த மலையின் கிழக்கடிவாரத்தைத் தொடும் திருச்சி. நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் மலைமேலுள்ள செம்மேட்டிலிருந்து அங்கே போக வேண்டியவர், அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும். முறிந்து உட்கார்ந்தவரை இறக்குவது எளிதல்ல, இன்னும் நடமாடுபவரை இறங்கச் சொன்னால் எதற்கு என்பார். 2015–16 தேசிய மனநல ஆய்வு, வெவ்வேறு மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது. அந்த எண்ணுக்கு மலைச்சாலையும் ஒரு விளக்கம்.

ஆகவே முதலில் போகுமிடம் கோயில். இதைக் கேலி செய்வது நகரத்து ஆய்வாளருக்குச் சுலபம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியிட்டுக் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை மறக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அடுத்த ஆண்டே, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துச்சாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. சராசரி ஆறு வாரத் தங்கலில், மருந்தின்றியே, நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பராமரிப்பும் அச்சமற்ற இடமும் வேலை செய்கின்றன, சங்கிலி கொல்கிறது என்று இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். வேலன் தவறாக வாசித்தது உண்மை. ஆனால் நோயுற்றவளை முதலில் பார்த்த வெளியாள் அவன்தான்.

கொல்லிமலையில் செய்யத்தக்கதும் இங்கிருந்தே தொடங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டு வாசலுக்கே போகிறார். கையில் கருவி கட்டியிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் தூக்கத்தையும், காட்டுக்குப் போவதையும், சந்தைக்குப் போவதையும் கேட்கலாம். மகளிர் குழுக் கூட்டத்துக்கு இரண்டு மாதமாக வராதவரின் பெயரைத் தவணைக் கணக்கோடு சேர்த்து நலக்கணக்கிலும் குறிக்கலாம். தோட்டத்துக்குப் போகும் கூலிக்கூட்டத்தின் மேஸ்திரியிடம் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸின் எண் 14416 இருக்கலாம். 2022இலிருந்து இயங்கும் அந்த எண்ணில் தமிழில் பேசலாம், மலையிறங்கவும் தேவையில்லை. பூசாரிக்கும் இதில் இடம் வேண்டும். பிள்ளை பெற்றுப் பிதற்றும் தாய்க்கு அவர் தாராளமாகத் திருநீறு பூசட்டும். பூசிய கையோடு, “இன்னிக்கே கீழ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நான் சொன்னேன்னு சொல்லு” என்று அவர் சொன்னால், செவிலியர் சொல்லிக் கிளம்பாத குடும்பம்கூடக் கிளம்பிவிடும்.