கிரேக்க வெள்ளி நாணயங்களில் அரச உருவங்கள்

பண்டைய கிரேக்க நகர அரசுகளின் வெள்ளி நாணயங்களில் கடவுளரின் முகங்களும் அவர்களுக்குரிய உயிரினங்களும் பெருமளவில் இடம்பெற்றன. ஏதென்ஸ் நாணயத்தில் ஒருபுறம் அதீனா, மறுபுறம் அவளது ஆந்தை. உயிரோடிருக்கும் மனிதரின் முகத்தைப் பொறிப்பது அந்நகரங்களின் வழக்கமன்று. பாரசீகத்துக்கு உட்பட்ட லிசியாவின் சிற்றரசர்களே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் செய்தனர்.

மாசிடோனிய மன்னர் அலெக்சாண்டரும் (ஆட்சி கி.மு. 336–323) கடவுளரையே முன்னிறுத்தினார். சுமார் 17 கிராம் எடையுள்ள அவரது நான்கு திராக்மா நாணயத்தின் முன்புறம் சிங்கத்தோல் அணிந்த ஹெராக்ளீஸ். பின்புறம் கழுகை ஏந்தி அரியணையில் அமர்ந்த சியூஸ். அந்த ஹெராக்ளீஸ் முகம் அலெக்சாண்டருடையதே என்று சொல்வோர் உண்டு. ஆனால் அவருக்கு முந்தைய மாசிடோனிய அரசர்களின் நாணயங்களிலும் ஹெராக்ளீஸ் இருக்கிறார். அவர் அந்த அரசகுலம் உரிமை கொண்டாடிய முன்னோர்.

மாற்றம் அலெக்சாண்டரின் மறைவுக்குப் பின் வந்தது. பேரரசைப் பங்கிட்டுக்கொண்ட தளபதிகளுக்கு அரியணைமீது பிறப்புரிமை கிடையாது. மறைந்த மன்னரின் முகமே அவர்களுக்கு உரிமைப் பத்திரமாயிற்று. எகிப்தில் டாலமி, கி.மு. 320 வாக்கில், யானைத் தலைத்தோல் அணிந்த அலெக்சாண்டரைப் பொறித்தார். மற்றொரு தளபதியான லிசிமாக்கஸ் வெளியிட்ட நாணயத்தில் அலெக்சாண்டரின் காதருகே அம்மோன் கடவுளின் ஆட்டுக்கடாக் கொம்பு சுருண்டிருக்கிறது. மேல்நோக்கிய விழியும் அலையும் கூந்தலுமாக, கிரேக்க அச்சுச் செதுக்குநரின் திறனுக்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது. கையால் செதுக்கிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே வெள்ளி வில்லையை வைத்து, சுத்தியலால் அடித்தே இந்நாணயங்கள் உருவாயின.

அரசர் பட்டம் ஏற்றபின் டாலமி தம் முகத்தையே பொறித்தார். இன்னொரு தளபதியின் மகனான டெமெட்ரியஸ் காளைக் கொம்புடன் தோன்றினார். தலையைச் சுற்றிக் கட்டிய துணிப்பட்டையே இவர்களின் அரச அடையாளம், மணிமுடி அன்று.

கிழக்கே கிரேக்க மன்னர்கள் ஆண்ட பாக்திரியாவில் (இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதி) உருவங்கள் இன்னும் உண்மைக்கு நெருங்கின. அங்கு ஆண்ட முதலாம் யூதிடெமஸ் தம் முதுமையை மறைக்கவில்லை; சதை தடித்த முகத்துடனேயே காட்சி தருகிறார். கி.மு. 180 வாக்கில் ஆண்ட அகதோக்ளீஸோ தம் முகத்தையே விலக்கி, சில வெள்ளி நாணயங்களில் சக்கரம் ஏந்திய வாசுதேவரையும் கலப்பை ஏந்திய பலராமரையும் பொறித்தார். ஆப்கானிஸ்தானின் ஐ-கானூம் அகழாய்வில் 1970இல் கிடைத்த இந்நாணயங்களில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் பிராமி எழுத்தும் உள்ளன. வாசுதேவர், பலராமர் உருவங்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையவற்றுள் இவை அடங்கும்.