மிளகாய் வருமுன் நம் வீட்டுக் காரம்



மாடித் தொட்டியில் இந்த வருடம் குண்டு மிளகாய் நன்றாகக் காய்த்தது. பச்சையாகக் கொஞ்சம் பறித்துக்கொண்டு, மீதியைச் செடியிலேயே பழுக்க விட்டேன். படத்தைக் குடும்பக் குழுவில் போட்டதும், "சோழர் காலத்துப் பாரம்பரியம்!" என்று ஒரு பதில் வந்தது. வரலாற்று வாத்தியாரால் சும்மா இருக்க முடியுமா?

ராஜராஜ சோழன் மிளகாயைக் கண்ணால் பார்த்ததில்லை. கம்பரும் பார்த்ததில்லை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ பகுதிப் பழங்குடி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தது. 1492-இல் மிளகு விளையும் நாட்டைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ், அங்கே போய் இந்தக் காரத்தைக் கண்டார். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். அவர் பின்னால் வந்த போர்ச்சுக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் மிளகாய் இந்தியாவுக்கு வந்தது.

அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி. பொன்னோடு வந்த யவனர் முசிறியில் மிளகு வாங்கிப் போனதை அகநானூறு சொல்கிறது. புதிதாக வந்த காய்க்கும் மிளகை வைத்தே பெயரிட்டோம்: மிளகு + காய்.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? மிளகுக் கொடிக்கு மழையும் நிழலும் படர ஒரு மரமும் வேண்டும். காய்க்கச் சில வருடம் ஆகும். மிளகாயோ சில மாதங்களில் கொல்லையிலேயே காய்க்கும். காயவைத்தால் வருடம் முழுவதும் வரும். மிளகு வாங்க வழியில்லாத வீட்டிலும் கூழுக்குக் கடித்துக்கொள்ள ஒரு மிளகாய் கிடைத்தது.

பழைய காலத்தின் அடையாளம் நம் அடுக்களையில் இன்னும் இருக்கிறது. பல வீடுகளில் திதிச் சமையலுக்கு மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். பல கோயில் மடப்பள்ளிகளிலும் அப்படியே.

அப்படியானால் மிளகாய் நம்முடையது இல்லையா? நம்முடையதுதான். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வறண்ட மண்ணில் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்து விதைத்த சம்சாரிகள் சம்பாதித்த பெயர் அது. அதற்குச் சோழர் காலச் சான்றிதழ் தேவையில்லை. இல்லாத பழமையை ஏற்றிச் சொன்னால், முதலில் இதை வளர்த்த மெக்சிகோ உழவரையும் மறக்கிறோம், நம் ராமநாதபுரத்து உழவரையும் மறக்கிறோம். வெளியிலிருந்து வந்தது எதுவும் நமதல்ல என்று பேசுகிறவர்கள், ஒரு வாரம் மிளகாய் இல்லாமல் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

வீட்டில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வற்றலுக்குப் பறிக்கும்போது காம்போடு பறியுங்கள். காம்பு பிய்ந்த இடத்தில் ஈரம் இறங்கிப் பூசணம் பிடிக்கும். விதைக்கென்று நன்றாகச் சிவந்த நாலு பழத்தைத் தனியே வையுங்கள்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், திதிச் சமையலில் எந்தெந்தக் காய் ஆகாது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அதில் எவையெல்லாம் கப்பலில் வந்தவை என்று சேர்ந்து பார்ப்போம்.