விருதுநகர் வெடிகுண்டு வழக்கு

விருதுநகர் வெடிகுண்டு வழக்கு 1933இல் இளம் காங்கிரசுத் தொண்டரான காமராசர் மீது தொடரப்பட்ட சதி வழக்காகும். விருதுநகர் அஞ்சலகத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்திலும் குண்டு வீசப்பட்டதை ஒட்டி இவ்வழக்கு எழுந்தது. இவ்வூர்கள் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. பின்னாளில் சென்னை மாகாண முதல்வரான குமாரசுவாமி ராஜாவின் ஊராகிய இராஜபாளையமும் அம்மாவட்டத்திலேயே இருந்தது. காங்கிரசு வேரூன்றிய பகுதி என்பதால் காவல்துறையின் கண் இங்கு எப்போதும் இருந்தது.

காமராசர் 1903இல் பிறந்தவர்; சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1930இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு இரண்டாண்டுத் தண்டனை பெற்றார். காந்தி-இர்வின் உடன்படிக்கையால் 1931இல் விடுதலையானார். மறுமுறை சிறைப்பட்டபோது, பகத்சிங்கின் தோழர்களான ஜெய்தேவ் கபூர், கமல்நாத் திவாரி ஆகியோருடன் வேலூர்ச் சிறையில் பழகினார். காந்திய வழியை அவர் கைவிடவில்லை. ஆனால் ஐயுறக் காத்திருக்கும் அதிகாரிக்கு இந்தப் பழக்கமே போதுமானது.

சதி வழக்கின் ஆபத்து அதன் தன்மையிலேயே இருந்தது. 1913இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட குற்றச்சதிப் பிரிவுகளின்படி, குண்டு வீசியவர் இன்னார் என்று காட்ட வேண்டியதில்லை. வீசியவருடன் உடன்பாடு இருந்ததாகக் காட்டினாலே போதும். தண்டனை கிடைத்திருந்தால், முப்பது வயதில் அவரது பொதுவாழ்வு முடிந்திருக்கும். காமராசருக்காக வரதராசுலு நாயுடுவும், மதுரை வட்டாரத்துக் கள்ளர் மக்கள் 'ரோசாப்பூ துரை' என்றழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினர். குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை என்று நிறுவப்பட்டு, அவர் விடுவிக்கப்பட்டார்.

1933இல் அரசு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அந்தத் தொல்லையும் நீங்கியது. 1940 இறுதியில், காந்தியைக் காண வார்தா செல்லும் வழியில் குண்டூரில் காமராசர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்க் கைதானார். சிறையில் இருந்தபோதே 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளிவந்ததும் அப்பதவியைத் துறந்தார். 1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரசு மாநாட்டிலிருந்து காவலரின் கண்ணில் படாமல் திரும்பி, பல ஊர்களுக்கு இயக்கச் செய்தியைச் சேர்த்தபின் விருதுநகரில் தாமே பிடிகொடுத்தார். அதன்பின் வேலூரிலும் அமராவதியிலும் ஏறத்தாழ மூன்றாண்டு காவல், 1945இல்தான் விடுதலை.

அதே 1945இல், தம் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தில் ஆங்கிலேயர் அவசரகாலப் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டனர். விசாரணையின்றிக் காவலில் வைப்பதற்கும் வீடுகளை இடிப்பதற்கும் அவை இடமளித்தன. 1948க்குப் பின் இஸ்ரேல் அவற்றைத் தன் சட்டத்தில் தக்கவைத்துக்கொண்டது. 1967இல் படை நுழைந்த மேற்குக் கரையில், குற்றச்சாட்டே இல்லாமல் நீட்டிக்கப்படும் 'நிர்வாகக் காவல்' படைத்துறை ஆணைகளால் இன்றும் நடக்கிறது. அதில் அடைக்கப்படுவோரில் மாணவர்களும் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் உள்ளனர்.