இளகிய மண்ணும் இரும்புத் தடமும்

புல்டோசரும் பொக்லைனும் போர் டாங்கியும் சங்கிலித் தடத்தின் மேல் நகர்பவை. இவற்றுள் டாங்கியே பெயர்பெற்றது என்பதால், இந்தத் தடத்தைப் போர்தான் பெற்றெடுத்தது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் தடத்தின் பூர்வீகம் வயலிலும் சதுப்பிலும் இருக்கிறது. வண்டி தனக்கு வேண்டிய பாதையைத் தானே விரித்து, கடந்ததும் தானே எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 1770இலேயே இங்கிலாந்தில் ரிச்சர்டு லவல் எட்ஜ்வொர்த் காப்புரிமை பெற்றார். பறத்தல் பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்பட்ட ஜார்ஜ் கேலி 1825இல் அதே வழியில் இன்னொன்றைப் பதிவு செய்தார். ஆனால் விலைகொடுத்து வாங்கி வேலைக்கு விடும்படியான தட வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தன. இடைப்பட்ட 130 ஆண்டுகளுக்கு, உலோகத் தொழில் முதிரவில்லை என்று காரணம் சொல்வது வழக்கம். அது பாதி விடைதான் என்பது என் கருத்து. பாரம் தாங்காத மண்ணில், வேறு வழியே இல்லாத நிலையில்தான் ஒருவர் சங்கிலித் தடத்தைத் தேடிப் போவார். பிரிட்டனில் வேறு வழி இருந்தது.

நீராவி இயந்திரம் உழவுக்கு வந்தபோது முதல் சிக்கலே அதன் எடைதான். கொதிகலன், அதற்குள் தண்ணீர், பக்கத்தில் கரி என்று டன் கணக்கில் சேரும் பாரம் உழுத மண்ணில் இறங்கினால் சக்கரம் புதையும்; புதையாவிட்டாலும் மண் இறுகி வேரோடாமல் போகும். பின்னல் துணி இயந்திரத்தால் செல்வம் சேர்த்த ஜான் ஹீத்கோட் 1832இல் காப்புரிமை பெற்ற நீராவிக் கலப்பை, அகன்ற முடிவிலாப் பட்டைகளின் மேல் நகர்ந்தது. அவர் அதை ஓட்டிப் பார்த்த இடங்களைக் கவனிக்க வேண்டும்: போல்டன் நகருக்கு அருகிலுள்ள ரெட் மாஸ், பிறகு 1837இல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் பக்கத்து லோச்சர் மாஸ். இரண்டும் கால் வைத்தால் அமுங்கும் கரிச்சதுப்புகள். பெரும் பணம் செலவான பின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. தடத்தைத் தேடவைத்தது சதுப்பு. ஆனால் அன்றைய பிரிட்டனில் உழவுக்குப் பணம் செலவழித்தவர்களின் நிலம் சதுப்பில் இல்லை.

அவர்களுக்கு விடை தந்தவர் ஜான் ஃபௌலர். அவருடைய எண்ணத்தின் அழகு இன்றும் வியக்கவைக்கிறது: கனமான இயந்திரம் வயலுக்குள் இறங்கவே வேண்டாம், கலப்பை மட்டும் போகட்டும். வயலின் ஓரத்தில் இயந்திரம் நிற்கும். அதன் உருளையில் சுற்றும் கம்பி வடம் கலப்பையை இழுக்கும். உழவுக்கு உகந்த நீராவிக் கலப்பைக்கு இங்கிலாந்தின் ராயல் வேளாண் சங்கம் அறிவித்திருந்த 500 பவுண்டு பரிசு 1858இல் செஸ்டரில் அவருக்குக் கிடைத்தது. எதிரெதிர் ஓரங்களில் இரண்டு இயந்திரங்களை நிறுத்தி மாறி மாறி இழுக்கும் முறை அடுத்து நிலைபெற்றது. லீட்ஸ் நகரின் ஃபௌலர் தொழிற்சாலையிலிருந்து இவை எகிப்தின் பருத்தி வயல்கள்வரை போயின. வயலோரத்தில் திசை மாறுகையில் கலப்பையைப் புரட்டிப்போடவும் தேவையில்லை. சீசாப் பலகைபோல் ஒரு முனை உயர மறுமுனை மண்ணைக் கிழிக்கும். ஓரத்து மண் கெட்டியாக இருந்து, செலவைத் தாங்கும் அளவுக்குப் பண்ணையும் பெரிதாக இருந்தால், சங்கிலித் தடம் செய்யவேண்டிய வேலையை இந்த வடம் செய்துவிட்டது. தடம் அங்கே தேங்கியதற்கு அறியாமை காரணம் இல்லை. நல்லதொரு மாற்று கையிலிருந்தது.

அந்த மாற்று உதவாத இடங்களில் தடம் தலையெடுத்தது. கலிபோர்னியாவில் சான் வாக்கின் ஆற்றுக் கழிமுகத் தீவுகள் கரை கட்டி மீட்கப்பட்டவை; மண் கரிச்சதுப்பு. குதிரைக் குளம்புக்கே அகன்ற காலணி மாட்டவேண்டிய நிலத்தில், இயந்திரத்தை நிறுத்தக் கெட்டியான ஓரத்தை எங்கே தேடுவது? ஸ்டாக்டன் நகரின் பெஞ்சமின் ஹோல்ட் முதலில் சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போனார். ஓர் இயந்திரத்தின் அகலம் 46 அடியைத் தொட்டது. அகலப்படுத்துவது அதற்கு மேல் நடவாது என்றான பிறகு, 1904 நவம்பர் 24 அன்று ராபர்ட்ஸ் தீவில், பின்சக்கரங்களைக் கழற்றிச் சங்கிலித் தடம் பூட்டிய நீராவி டிராக்டரை ஓட்டினார். அதற்கு முன்பே மெய்ன் மாநிலத்தின் பனிக்காடுகளில் மரம் இழுக்க ஆல்வின் லொம்பார்டு 1901இல் காப்புரிமை பெற்றிருந்தார். பின்னால் தடமும் முன்னால் பனிச்சறுக்குக் கட்டைகளும் கொண்ட அவருடைய நீராவி வண்டிகள் 83 உருவாயின. உலோகமே தடை என்பவர்கள் ஹோல்டின் முதல் தடத்தைப் பார்க்க வேண்டும்: சங்கிலியில் முடுக்கிய மரப்பலகைகள் அவை. பெட்ரோல் இயந்திரம் வந்ததால்தான் தடம் பிழைத்தது என்ற வாதத்தில் வலு அதிகம். எடை குறைந்ததும் அது பரவிய வேகம் கூடியது உண்மை. ஆனால் லொம்பார்டும் ஹோல்டும் வென்றது நீராவியில். பெட்ரோல் தடத்தைப் பரப்பியது, பிறப்பிக்கவில்லை.

இதற்கு எதிர்ச்சாட்சிபோல் தோன்றுவது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள கிராந்தம் நகரின் ஹார்ன்ஸ்பி நிறுவனம். அதன் பொறியாளர் டேவிட் ராபர்ட்ஸ் 1904இலேயே தடத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரம் நன்றாகவே ஓடியது, ராணுவமும் சிலவற்றை வாங்கிப் பார்த்தது. ஆயினும் லிங்கன்ஷயர் உழவர்கள் வரிசையில் நிற்கவில்லை; நீராவியில் ஓடிய ஒரே தட இயந்திரம் கனடாவின் யூகான் பகுதிக்குக் கரி சுமக்கப் போனது. கடைசியில் காப்புரிமைகள் ஹோல்டின் கைக்கே விற்கப்பட்டன. சிறந்த பொறியியல் இருந்தும் அதைக் கேட்கும் மண் பக்கத்தில் இல்லாததால் நேர்ந்தது இது. ராணுவத்தின் குறுகிய பார்வை என்று மட்டும் பழி சொல்வது நியாயமாகப் படவில்லை. சில ஆண்டுகளில் முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையின் குண்டு துளைத்த சேறு பிரிட்டனை வந்து மோதியது. பீரங்கி இழுக்க ஹோல்ட் டிராக்டர்கள் கடல் கடந்து வந்தன. கிராந்தத்துக்கு அருகே லிங்கனில் வேளாண் இயந்திரம் செய்துவந்த ஃபாஸ்டர் நிறுவனத்தில், சிகாகோவிலிருந்து வந்த தடம் சரிப்படாமல் போகவே, வில்லியம் டிரிட்டன் 1915 செப்டம்பரில் எஃகுத் தகட்டில் புதியதொன்றை வடிவமைத்தார். அடுத்த ஆண்டே அந்தத் தடத்தின் மேல் டாங்கிகள் போர்முனைக்குப் போயின.