பதினேழுக்குப் பூச்சியம் தோற்ற அணி: மாலைதீவு உதைபந்தாட்டத்தின் கதை



"எங்கட ஊர் சின்ன ஊர் சேர், இதுல விளையாடி எங்க போறது?" பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் சொல்லும் பதில் மாலைதீவு. நமது சம்பலுக்கு மாசி தந்த நாடு என்று எல்லோருக்கும் தெரியும். அவர்களின் உதைபந்தாட்ட வரலாறு பலருக்குத் தெரியாது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

சுமார் 1,200 தீவுகள். மக்கள் வாழ்வது 200க்கும் குறைவான தீவுகளில். சனத்தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். தலைநகர் மாலேயில் வீடு கட்டவே நிலம் போதாது, அதற்குள் மைதானத்துக்கு எங்கே போவது? 1979இல் ரீயூனியன் தீவில் நடந்த இந்து சமுத்திரத் தீவுகளின் விளையாட்டு விழாவில்தான் அவர்களது தேசிய அணி முதன்முதலில் களமிறங்கியது. சீஷெல்ஸிடம் 9–0 தோல்வி. பீபாவில் சேர்ந்தது 1986இல்.

அதைவிடப் பெரிய அடி 1997இல் விழுந்தது. உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி, ஜூன் 2, டமஸ்கஸ். ஈரான் 17, மாலைதீவு 0. கரீம் பாகேரி என்ற ஒரே வீரர் ஏழு கோல் அடித்தார். அத்தோடு முடியவில்லை. சிரியாவிடம் இரண்டு முறை 12–0, ஈரானிடம் மீண்டும் 9–0, கிர்கிஸ்தானிடமும் இரண்டு தோல்வி. ஆறு போட்டிகளில் வாங்கியது 59 கோல், அடித்தது ஒன்றுமில்லை.

அந்த நேரம் நாம் எங்கே இருந்தோம் தெரியுமா? 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியச் சம்பியனாகியிருந்தோம். நமது ஒரே சம்பியன் பட்டம் இன்றுவரை அதுதான்.

அப்படி அடி வாங்கிய அணி மூன்று மாதங்கள் கழித்து, அதே 1997 செப்டெம்பரில், கத்மண்டுவில் தெற்காசியக் கிண்ண இறுதிப்போட்டிக்கு வந்தது. இந்தியாவிடம் 5–1 என்று தோற்றாலும், வந்ததே எனக்குப் பெரிய விஷயம். நம்மில் பலர் அந்த 17 கோலோடு பந்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருப்போம்.

2003இல் மொங்கோலியாவை மாலேயில் 12–0 என்று வென்றார்கள். அதில் நான்கு கோல் அலி அஷ்பாக் என்ற பதினெட்டு வயதுப் பையனுடையது. பிறகு 2004 மார்ச் 31. இரண்டு வருடத்துக்கு முன் உலகக் கிண்ண அரையிறுதி வரை போன தென்கொரியா மாலேக்கு வந்து ஒரு கோலும் அடிக்க முடியாமல் 0–0 என்று திரும்பியது. கொரியாவின் பயிற்றுவிப்பாளர் பதவியை விட்டே போனார்.

இதற்குக் காரணம் என்ன? என் கணிப்பில், அவர்களது கழகங்கள்தான். மாலேயில் கழகப் போட்டி என்றால் நகரமே பேசும். வீரர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. நமது நாட்டின் நல்ல வீரர்கள் பலரே அங்கே போய் விளையாடினார்கள். நியூ ரேடியன்ட் கழகம் 2005இல் ஏ.எஃப்.சி. கிண்ண அரையிறுதி வரை சென்றது.

2008 சாஃப் சம்பியன்ஷிப் இங்கேயும் மாலேயிலும் நடந்தது. அரையிறுதியில் கொழும்பில் வைத்து நம்மை 1–0 என்று வென்றார்கள். ஜூன் 14, சுகததாச அரங்கில் இறுதிப்போட்டி. ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது முக்தார் நசீர் அடித்த கோலால் இந்தியா தோற்றது. மாலைதீவின் முதல் கிண்ணம் நமது மண்ணிலிருந்துதான் போனது.

2013 கத்மண்டு பற்றிச் சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மாலைதீவு 10, இலங்கை 0. அஷ்பாக் மட்டும் ஆறு. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் உள்ள நாடு, ஐந்து இலட்சம் பேர் உள்ள நாட்டிடம் வாங்கியது.

2018 டாக்காவில் நடந்தது விசித்திரமானது. நம்மோடு 0–0, இந்தியாவிடம் 2–0 தோல்வி. நமக்கும் அதே கணக்குத்தான். எல்லாம் சமமானதால் நாணயத்தைச் சுண்டினார்கள். மாலைதீவுக்கு விழுந்தது. ஒரு கோலும் அடிக்காமல் அரையிறுதிக்குப் போனவர்கள் நேபாளத்தை 3–0 என்றும், இறுதியில் இந்தியாவை 2–1 என்றும் வென்று இரண்டாவது கிண்ணத்தைத் தூக்கினார்கள். "அதிர்ஷ்டம்" என்று சொல்கின்ற நண்பர்களிடம் நான் கேட்பது: நாணயம் அரையிறுதிக்குத்தானே கொண்டு போனது, அடுத்த ஐந்து கோலையும் யார் அடித்தது?

நமது பக்கம் 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை அந்தத் தடை நீடித்தது. அந்த ஆண்டு ஜூனில் பெங்களூரில் சாஃப் தொடங்கியபோது மாலைதீவு விளையாடியது. 1995இன் சம்பியன் பட்டியலிலேயே இல்லை.