தேவாலய முற்றத்து மண்

மலையகத்தின் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயங்களைத் தேடி ஆண்டுதோறும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டு, கொழும்பின் முதலாவது பேராயர் ஜேம்ஸ் சப்மனால் பிரதிஷ்டை செய்யப்பட்டது. டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் எழுந்தது. பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய முற்றத்தில், புகைப்படக் கலை முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூன் 1879 முதல் துயில்கிறார்.

நூறு ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்குத் திருத்த வேலை தவிர்க்க முடியாதது. ஓயாத மழையும் சரிவான நிலமும் கொண்ட இப்பகுதியில் வடிகால் வெட்ட வேண்டும், தாங்குசுவர் கட்ட வேண்டும், தளத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் மண் வெட்டப்படுகிறது. வெட்டப்படும் அந்த மண்ணை யார் பார்க்கிறார்கள் என்பதே என் கேள்வி.

இங்கிலாந்தில் பழைய பங்கு ஆலயம் ஒன்றில் வேலை தொடங்குவதற்கு மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நிலத்தைத் தோண்டும் வேலையாயின், தொல்லியலாளர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல சமயங்களில் விதிக்கப்படும். இது அகழ்வாய்வு அன்று. வேலையாட்கள் வெட்டும்போது அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஏதாவது தென்பட்டால் சற்று நிறுத்தி அளந்து, வரைந்து, படம் பிடித்துக்கொள்வார். பிறகு வேலை தொடரும்.

இதனால் விளையும் பயன் என்ன என்பதற்கு எசெக்ஸ் மாவட்டத்தின் ரிவன்ஹோல் ஆலயம் சான்று. அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்றே நம்பப்பட்டு வந்தது. 1970களின் தொடக்கத்தில் வோரிக் ரொட்வெல், கேர்ஸ்ரி ரொட்வெல் ஆகியோர் ஆராய்ந்தபோது, சாந்துப் பூச்சின் கீழ் ஆங்கிலோ-சாக்சன் காலச் சுவர்கள் மறைந்திருந்தமை தெரியவந்தது. முற்றத்து மண்ணின் அடியில் ரோமானிய மாளிகையொன்றின் எச்சங்களும் இருந்தன.

இனி நமது சட்டத்தைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லைக்கோடாக வைக்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கையளித்த உடன்படிக்கையின் நாள் அது. அதற்கு முற்பட்ட கட்டடம் பழைமையானது. பிற்பட்டதாயின் வர்த்தமானி அறிவித்தல் மூலம் தனியாகச் சேர்க்கப்பட வேண்டும். ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்த கொழும்பு வுல்வெண்டால் தேவாலயம் கோட்டுக்கு உள்ளே நிற்கிறது. 1852இன் நுவரெலியா ஆலயம் வெளியே நிற்கிறது. 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த தொல்பொருள் பாதிப்பு மதிப்பீட்டு விதிகள் 2000ஆம் ஆண்டில் வெளியாயின. அவையும் கால் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை உள்ளடக்கும் திட்டங்களையே நோக்குகின்றன. தேவாலய வடிகால் ஒன்று அந்த அளவை எட்டப்போவதில்லை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப்பாருங்கள். நமது மூதாதையர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். அவர்கள் காடழித்ததும் பாதை போட்டதும் லயங்களில் வாழ்ந்ததும் மடிந்ததும் முழுவதும் 1815க்குப் பின்னர்தான். ஒரு சமூகத்தின் இருநூறு ஆண்டு வரலாறும் அந்தக் கோட்டுக்கு இப்பால் விழுந்துவிட்டது.

துரைமார்களின் நினைவுக்கு அதிகக் குறையில்லை. ஜே. பென்றி லூயிஸ் இலங்கையின் கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1913இல் பெரிய நூலாக வெளியிட்டார். பெருந்தொகை யானைகளைக் கொன்றவரும் 1845இல் மின்னல் தாக்கி இறந்தவருமான மேஜர் ரொஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இன்றும் காட்டப்படுகிறது. தொழிலாளர் நிலை வேறு. 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார்கள் தோட்டங்களுக்கு வந்தார்கள். தமிழ்ச் சபைகள் உருவாயின. ஆனால் கல் வைக்க வசதியற்றவரின் குழி சில மழைக்காலங்களில் தரையோடு தரையாகிவிடும்.

மண்ணின் இயல்பும் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. தேயிலை விரும்புவது அமில மண், அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. இத்தகைய மண்ணில் எலும்பு நாளடைவில் கரைந்துபோகும். எஞ்சக்கூடியவை ஓர் ஆணி, ஒரு பொத்தான், கண்ணாடி வளையல் துண்டு, செப்புக் காசு. அவையும் இல்லையெனில், குழி வெட்டி மூடிய இடத்தில் மண்ணின் நிறம் மட்டும் சற்று மாறியிருக்கும். பழகிய கண்ணுக்கு அந்த நிறமாற்றமே கல்லறை. மண்வெட்டி ஒருமுறை அதைக் கலைத்துவிட்டால் மீண்டும் பார்க்க வாய்ப்பில்லை.

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் அஞ்சுவதை நான் அறிவேன். அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட இருக்கவில்லை. தொல்லியல் என்றால் நிலம் பறிபோகும் என்ற எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் அதற்காக நமது மண்ணை நாமே பாராமல் விடுவது நட்டத்தின்மேல் நட்டம். கம்பளைக்கு அருகே லய அறைகளில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் அமைந்தது. பயன்பாட்டுப் பொருட்களையும் ஆவணங்களையும் திரட்டிய அந்த முயற்சிக்கு எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை.

தேவாலயங்களுக்கும் அதுவே வழி. வேலை தொடங்குமுன் சபைக்குழு அடக்கப் பதிவேட்டைப் பிரதியெடுத்துக்கொள்ளலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி, ஒரு மாணவரையாவது அனுப்பும்படி கேட்கலாம். ஏதேனும் தென்பட்டால் நிறுத்திச் சொல்லும்படி வேலையாட்களுக்கு அறிவுறுத்தலாம். அளவுகோல் ஒன்றை வைத்துப் படமெடுத்து, ஆழத்தையும் இடத்தையும் திகதியையும் கொப்பியில் எழுதலாம். மனித எச்சம் வெளிப்பட்டால் உரிய அதிகாரிகளுக்கு அறிவித்து, மரியாதையுடன் மீள அடக்கம் செய்யலாம்.

தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியில் 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நம் மக்கள் நடந்தார்கள். இருநூறு ஆண்டு நிறைவை உலகுக்கு உணர்த்திய நடை அது. அந்த முன்னோரில் சிலரேனும் இந்தத் தேவாலய முற்றங்களில் பெயரின்றிக் கிடக்கிறார்கள். அடுத்த வடிகால் வெட்டப்படும் நாளில் அருகில் ஒருவர் கொப்பியுடன் நிற்க வேண்டும். அதற்குச் சபைக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.